வீட்டில் பணம் தரமாட்டார்கள் என்றால்: குமரி மாவட்டத்தில் பட்டம் படிக்க வழி தேடும் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடிவு பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடும். மார்க் நன்றாக இருந்தும் சில வீடுகளில் அன்றைக்கே பேச்சு முடிந்துவிடுகிறது. "இனி என்னால ஆவாது மக்களே" என்று அப்பா சொல்லிவிடுவார். அக்கா கல்யாணக் கடன் இன்னும் அடையாமல் இருக்கலாம். கடல்தொழிலோ ரப்பர் பால்வெட்டோ அந்த வருடம் கைகொடுக்காமல் போயிருக்கலாம். வேறு சில வீடுகளில் பணம் இருக்கும், ஆனால் நர்சிங் என்றால்தான் தருவேன், வரலாறு படிக்கத் தரமாட்டேன் என்பார்கள். பெண் பிள்ளைக்கு முதலில் நகை, படிப்பெல்லாம் அப்புறம் என்று நினைக்கும் வீடுகளும் இருக்கின்றன.

காரணம் எதுவாக இருந்தாலும், அப்படி ஒரு வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்காக இதை எழுதுகிறேன். வழி இருக்கிறது. ஆனால் அது மே, ஜூன் இரண்டே மாதங்களில், சரியான வரிசையில் செய்ய வேண்டிய வேலை.

முதல் படி: பணம் கேட்காதீர்கள், கையெழுத்து கேளுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நம் நாட்டில் கல்வி உதவித்தொகைக்கும் வங்கிக் கடனுக்கும் பெற்றோரின் வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். உங்களுக்கு 18 வயது முடிந்திருந்தாலும் அப்படித்தான். "அப்பா எனக்கு ஒரு ரூபாய் தருவதில்லை, என்னைத் தனியாகக் கணக்கில் எடுங்கள்" என்று கேட்டால் அதற்கு எந்த விண்ணப்பத்திலும் இடமில்லை. அப்பாவின் ஆதார், அப்பா அம்மா வருமானச் சான்று, அவர்கள் கையெழுத்து இதெல்லாம் இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கும்.

ஆகவே பணம் தரமாட்டேன் என்ற அப்பாவோடு சண்டை போட்டு, கையெழுத்தும் கிடைக்காத நிலைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். "உங்ககிட்ட பைசா கேட்கல்ல. இந்தத் தாள்ல ஒப்பு மட்டும் போட்டுத் தாங்க, ஆதார் கார்டு ஒரு நாள் தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். பணத்தைப் பற்றிப் பயந்து மறுப்பவர்களில் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். கேட்கும்போது கையில் ஒரே ஒரு தாள் இருக்கட்டும்: எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, மொத்தச் செலவு எவ்வளவு, அது எங்கிருந்து வரும். வாயால் சொன்னால் வாக்குவாதமாகும், எழுதிக் காட்டினால் கொஞ்சம் படித்துப் பார்ப்பார்கள்.

நேரில் கேட்கத் தைரியம் இல்லையென்றால் அப்பா மதிக்கும் ஒருவர் மூலம் போங்கள். மாமா, சித்தப்பா, பங்குத்தந்தை, சபை ஆயர், பள்ளித் தலைமையாசிரியர், ஊர்த் தலைவர், இப்படி யாராவது ஒருவர் நம் ஊர்களில் கட்டாயம் இருப்பார். தலைமையாசிரியர் நேரில் வந்து பேசினால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

கையெழுத்தும் கிடையாது என்று உறுதியாகச் சொல்லும் வீடாக இருந்தால், குறைந்த கட்டணக் கல்லூரியும் உங்கள் சொந்த உழைப்பும்தான் முதல் வழி. அதையும் கீழே சொல்கிறேன். அந்த நிலையிலும் பட்டம் வாங்கலாம், நம்பிக்கையை விடவேண்டாம்.

இரண்டாம் படி: ரிசல்ட் வருவதற்கு முன்பே சான்றிதழ்கள்

பரீட்சை முடிந்த ஏப்ரல் மாதம் சும்மா போய்விடுகிறது. அந்த மாதத்தில் இவற்றை முடித்துவிடுங்கள். மே பிறந்துவிட்டால் இ-சேவை மையத்தில் கூட்டம், வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கூட்டம்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாமே இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். நடுவில் எங்காவது நின்றுவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும். பழையதை வைத்துக்கொண்டு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

சாதிச் சான்றில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். அதனால் அரசின் சாதிப் பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் "கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை வட்டம்" என்று தனியாகக் குறித்திருக்கும். உங்கள் சான்றில் உள்ள பெயர் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்துக் காணிக்காரப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தரவேண்டும். அதற்கு நாள் அதிகம் பிடிக்கும், பத்தாம் வகுப்பு முடிந்ததுமே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அடுத்தது வங்கிக் கணக்கு. அப்பா பெயரிலோ கூட்டுக் கணக்காகவோ வேண்டாம், உங்கள் பெயரில் தனியாக ஒன்று. அதில் ஆதார் இணைத்திருக்க வேண்டும். அரசு உதவித்தொகை நேராக ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கட்டும். ஒரே ஒரு எழுத்து மாறியதால் வருடம் முழுக்கப் பணம் வராமல் நின்றுபோகும் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு.

மூன்றாம் படி: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

இங்கே கல்லூரியின் பெயரைவிட, நீங்கள் சேரும் இடம் எந்த வகை என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. மூன்று வகை உண்டு.

முதலாவது அரசுக் கல்லூரி. நாகர்கோவில் கோணத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குப் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மற்ற சிறு கட்டணங்கள் மட்டும்தான். விண்ணப்பம் முழுக்க இணையத்தில், மாநிலம் முழுமைக்கும் ஒரே தளம். தரவரிசை போடும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மார்க்கும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க்கும் பார்ப்பார்கள். மற்ற படிப்புகளுக்கு மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மீதி நான்கு பாடங்களின் 400 மார்க்கைப் பார்ப்பார்கள். மொத்த மார்க் குறைவாக இருந்தாலும் தமிழில் மட்டும் நன்றாக வாங்கியிருந்தால் பி.ஏ. தமிழில் முன்னால் நிற்க முடியும்.

இரண்டாவது அரசு உதவி பெறும் கல்லூரி, எய்டட் என்பார்கள். இதுதான் குமரி மாவட்டத்தின் பலம். நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா கல்லூரி, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி, சுங்கான்கடையில் ஸ்ரீ ஐயப்பா மகளிர் கல்லூரி, நெய்யூரில் லட்சுமிபுரம் கல்லூரி, திருவிதாங்கோட்டில் முஸ்லிம் கலைக் கல்லூரி, தூத்தூரில் புனித யூதா கல்லூரி. ஒரு சிறிய மாவட்டத்துக்கு இது பெரிய சொத்து. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதால் உங்களிடம் வாங்கும் கட்டணம் குறைவு. இவற்றுக்கு அரசுக் கல்லூரித் தளத்தில் விண்ணப்பித்தால் போதாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இப்போது கவனமாகப் படியுங்கள். இதே கல்லூரிகளுக்குள்ளேயே மூன்றாவது வகையும் இருக்கிறது: சுயநிதிப் பிரிவு. எஸ்.எஃப். என்று சொல்வார்கள். ஒரே வளாகம், ஒரே பெயர், ஒரே பல்கலைக்கழகப் பட்டம். சில சமயம் ஒரே பாடம்கூட இரண்டு பிரிவிலும் இருக்கும். கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். "எனக்கு இன்ன கல்லூரியில் சீட் கிடைச்சிட்டு" என்று சந்தோஷமாக வரும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, "எய்டடா, எஸ்.எஃப்.ஆ?" என்றுதான். பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யாமல் முதல் தவணை கட்டாதீர்கள். எய்டட் பட்டியலில் உங்கள் பெயர் காத்திருப்பில் இருந்தால் அடுத்த பட்டியல் வரும்வரை பொறுங்கள். பொறியியலிலும் மருத்துவத்திலும் இடம் கிடைத்துப் பிள்ளைகள் விலகிப்போகும்போது கலைக் கல்லூரிகளில் இடம் காலியாகும். ஜூலையில்கூட எய்டட் சீட் கிடைக்கலாம்.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து இது. எஸ்.எஃப். பிரிவில் பி.காம். அல்லது கணினி அறிவியல், எய்டட் பிரிவில் கணிதம், பொருளாதாரம், தமிழ் என்று இரண்டு வாய்ப்பு இருந்து, கையில் காசு இல்லையென்றால், எய்டட் பிரிவில் சேருங்கள். பி.எஸ்சி. கணிதம் படித்தவர் பிறகு எம்.சி.ஏ. போகலாம், வங்கித் தேர்வு எழுதலாம், பி.எட். போகலாம். அரசுப் பணித் தேர்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதையும் நினைவில் வையுங்கள். பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளை கல்லூரியில் மீடியத்தை மாற்றும்முன் இதை யோசிக்கட்டும்.

எந்தக் கல்லூரியானாலும் மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரு கணக்குப் போடுங்கள். பயிற்சிக் கட்டணம் மட்டும் போதாது. தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், சீருடை, புத்தகம், ஐ.வி. என்று அழைத்துப்போகும் சுற்றுலா, பஸ், மதியச் சாப்பாடு எல்லாம் அதில் வரவேண்டும். அலுவலகத்தில் "இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் எவ்வளவு?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ரசீது தராத பணம் எதையும் கட்டவேண்டாம்.

போக்குவரத்து நம் மாவட்டத்தில் சமாளிக்கக்கூடியதுதான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. களியக்காவிளைப் பக்கத்திலிருந்தோ கடற்கரை ஊர்களிலிருந்தோ வருபவர்கள், எந்தக் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போகலாம், எதற்கு வடசேரியிலோ அண்ணா பஸ் நிலையத்திலோ மாறவேண்டும் என்று பாருங்கள். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனால், பகுதிநேர வேலை செய்ய நேரம் இருக்காது. ஹாஸ்டல் தேவையென்றால் ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளைக் கேளுங்கள். உணவும் தங்குவதும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்கவேண்டும் என்பது விதி. மாணவிகளுக்கு இந்தத் தூர விதி கிடையாது.

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் நாகர்கோவிலைவிடப் பக்கமாக இருக்கலாம். அங்கே சேருவதற்குமுன் தமிழ்நாட்டு அரசின் உதவிகளில் எவை அங்கே செல்லாது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மாநில எல்லை தாண்டினால் இட ஒதுக்கீட்டுக் கணக்கும் மாறிவிடும்.

பொறியியல் வேண்டும் என்பவர்களுக்கு

கலந்தாய்வு மூலம் மட்டும் போங்கள். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. முதலில் இவற்றை நிரப்பிவிட்டுப் பிறகு தனியார் கல்லூரிகளை எழுதுங்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை போய்விடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடத்தின் பலனும் போய்விடும். "கவுன்சலிங் எல்லாம் எதுக்கு, நாங்களே சீட் தாறோம்" என்று வீட்டுக்கே வந்து சொல்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

மார்க் குறைவு, பணமும் இல்லை என்றால் கோணத்து அரசு பாலிடெக்னிக்கை யோசியுங்கள். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. நடுவில் ஒரு வருடம் வேலை பார்த்துப் பணம் சேர்த்துவிட்டும் போகலாம். பணமில்லாத பிள்ளைக்கு இது மெதுவான பாதைதான், ஆனால் கடன் சுமை இல்லாத பாதை.

நான்காம் படி: யார் பணம் தருவார்கள்

இங்கே நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பது பெரிய விஷயம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் உங்களுக்காக இருக்கிறது. அதில் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. வீட்டில் ஒரு பைசா வாங்காமல் இன்ஜினியராகலாம். நம் மாவட்டத்தில் சபைகளும் மடங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம். அங்கே படித்தவர்கள் தங்களுக்கும் இது உண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, இது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் 2022 செப்டம்பரில் வந்தது, ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை இரண்டும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அதே பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இல்லை. பணம் பிள்ளையின் கணக்குக்கே வருகிறது. எய்டட் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு வருடம் 12,000 ரூபாய் என்றால் பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். விண்ணப்பத்தைக் கல்லூரிதான் அனுப்பும். நீங்கள் சேரும் வருடம் இந்தத் திட்டங்கள் எந்த விதியில் நடக்கின்றன என்று முதல் வாரத்திலேயே கல்லூரியில் கேளுங்கள்.

குடும்பத்தில் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சலுகை. கலந்தாய்வில் சேரும் தொழிற்படிப்புகளுக்கு இது கைகொடுக்கும். தனியார் பொறியியல் கல்லூரியில் வருடம் 25,000 ரூபாய் கழியும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்துச் சேர்வதாக இருந்தால் யாருக்குச் செலவு அதிகமோ அவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கும் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை உண்டு. வருமான வரம்பு 2.5 லட்சம். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கும் தனி உதவித்தொகை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கல்லூரியில் தரும் யூமிஸ் என்ற மாணவர் அடையாள எண் வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் வாங்கியவர்கள் இரண்டாம் வருடம் மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மத்திய அரசு தரும் இரண்டு உதவித்தொகைகள் நம் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஒன்று, பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். தேர்வானால் இளநிலையில் வருடம் 12,000 ரூபாய். எய்டட் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைக்கு இது மிகப் பெரிய தொகை. இன்னொன்று, பொறியியலிலும் டிப்ளமோவிலும் சேரும் பெண்களுக்கான பிரகதி. வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம், வருடம் 50,000 ரூபாய். இரண்டுக்கும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வீட்டில் ஓரளவு வருமானம் இருந்தும் பணம் தர மறுக்கிறார்கள் என்ற நிலையில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பிரகதி ஒரு வரம்.

அப்பாவோ அம்மாவோ மீனவர் நல வாரியத்திலோ, கட்டுமானத் தொழிலாளர் வாரியத்திலோ, மற்ற அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களிலோ உறுப்பினரா என்று கேளுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு அவை உதவி தருகின்றன. அட்டை புதுப்பிக்காமல் கிடந்தால் புதுப்பிக்கச் சொல்லுங்கள். இதுவும் கையெழுத்தும் காகிதமும்தான், வீட்டுப் பணம் அல்ல.

ஐந்தாம் படி: கடன், தேவைக்கு மட்டும்

எய்டட் கலைக் கல்லூரியில் படிக்கக் கடன் தேவைப்படாது, வாங்கவும் வேண்டாம். பொறியியல், நர்சிங், சட்டம் போன்றவற்றுக்குத்தான் இந்தப் பேச்சு.

வித்யாலட்சுமி தளத்தில் பதிவு செய்து, வீட்டுக்குப் பக்கத்து வங்கிக் கிளைக்கு விண்ணப்பம் அனுப்பலாம். 4 லட்சம் வரை உங்கள் கைப்பணம் போடவேண்டியதில்லை, சொத்து அடமானமும் வேண்டியதில்லை. அந்தத் தொகைக்கு வீட்டுப் பத்திரம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். மாவட்ட நிர்வாகம் கல்விக்கடன் முகாம் நடத்தும்போது அங்கே போவது இன்னும் நல்லது, எல்லா வங்கிக்காரர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

வங்கி உங்களோடு இன்னொருவரையும் கடன்காரராகச் சேர்க்கும். வழக்கமாக அது அப்பா அல்லது அம்மா. அப்பா மறுத்தால் அம்மா போடலாமா என்று கேளுங்கள், நம் வீடுகளில் இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. உங்களுக்கு 18 முடியவில்லையென்றால் பெற்றோர்தான் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். வயது வந்ததும் நீங்கள் அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுப்பீர்கள். கையெழுத்துப் போடுபவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் கட்டாவிட்டால் வங்கி அவரைத் தேடி வரும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமியில், தரவரிசையில் மேலே இருக்கும் குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. நீங்கள் சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள்.

வட்டி மானியம் இல்லாத ஒரு கணக்கைப் பாருங்கள். நான்கு வருடம், வருடம் ஒரு லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் திருப்பிக் கட்டத் தொடங்குவீர்கள். அதற்குள் சாதாரண வட்டியே 1 லட்சத்து 40 ஆயிரம் ஆகியிருக்கும். 5 லட்சத்து 40 ஆயிரத்தைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் 7,000-க்குச் சற்று மேல். ஏழு வருடத்தில் என்றால் 9,000-க்குப் பக்கம். அந்தப் படிப்பு முடித்து நம் ஊரில் வேலைக்குச் சேர்பவருக்கு முதல் வருடம் என்ன சம்பளம் என்று, இப்போது வேலையில் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். கல்லூரி விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கல்லூரி வேண்டாம் என்பேன்.

அம்மாவின் குழுக் கடனை எடுத்துப் பீஸ் கட்டாதீர்கள். படிப்புக்குப் பலன் வர வருடங்கள் ஆகும், அந்தக் கடனுக்குத் தவணை அடுத்த வாரமே வந்து நிற்கும். மீட்டர் வட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

ஏஜென்ட் வந்தால்

நர்சிங், பாராமெடிக்கல் என்று வெளிமாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்ப்பவர்கள் மே மாதம் ஊர் ஊராக வருவார்கள். "இப்போ ஒண்ணும் கட்டவேண்டாம், லோன் நாங்க எடுத்துத் தாறோம்" என்பார்கள். அந்தப் படிப்புக்கு உரிய கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்தக் கவுன்சிலின் தளத்திலேயே பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழை எவர் கையிலும் விட்டுவைக்காதீர்கள். கல்லூரிகள் சரிபார்த்துவிட்டு ஒரிஜினலைத் திருப்பித் தரவேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணத்தை எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்றும் அதே குழு நாள் கணக்கு வைத்திருக்கிறது. சீக்கிரம் விலகினால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், ஒரு மாதம் தாண்டினால் கஷ்டம்.

வேலை பார்த்துக்கொண்டு படிப்பது

வீட்டில் எதுவுமே கிடைக்காத பிள்ளைக்கு இதுதான் கடைசித் துணை. மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது நம் ஊரில் நன்றாக ஓடும். பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தரத் தெரிந்தால் போதும். நாகர்கோவில் ஜவுளிக் கடைகளில் ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் நேரத்தில் ஆள் எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டரிங், கன்னியாகுமரியில் சீசன் வேலை. எதைச் செய்தாலும் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பாருங்கள். வேலை பார்க்கும் பிள்ளைகள் பாடத்தில் தோற்பதைவிட, வருகை குறைந்து தேர்வு எழுத முடியாமல் போவதுதான் அதிகம். பொறுப்பு ஆசிரியரிடம் உங்கள் வீட்டு நிலையை முதல் மாதமே சொல்லிவையுங்கள். கேட்டால் உதவுகிற ஆசிரியர்கள் நம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கமும் மேனேஜ்மென்டும் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஏதாவது வைத்திருப்பதும் உண்டு, கேட்டால்தான் தெரியும்.

முழுநேர வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்றால் தொலைநிலைக் கல்வி. இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொலைநெறிப் பிரிவு இவற்றில் பார்க்கலாம். அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் சேரும் வருடத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று குழுவின் தளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். இதற்குப் பெற்றோர் கையெழுத்தும் பெரிதாகத் தேவைப்படாது.

ஜூன், ஜூலை இரண்டும் கைவிட்டுப் போயிருந்தால்

ஆகஸ்டில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் அரசுக் கல்லூரியிலும் எய்டட் கல்லூரிகளிலும் நேரில் போய்க் காலியிடம் கேளுங்கள். பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வு நடக்கும். படிப்பைத் தொடராத பிள்ளைகளைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பதற்காக மாவட்ட நிர்வாகம் "உயர்வுக்குப் படி" என்ற முகாம் நடத்துகிறது. கல்லூரிக்காரர்கள், வங்கிக்காரர்கள், சான்றிதழ் தரும் அலுவலர்கள் எல்லாரும் அங்கே வருவார்கள். நாள் எப்போது என்று உங்கள் பழைய பள்ளியில் கேட்டால் சொல்வார்கள். அதுவும் தவறினால் இக்னோவில் ஜனவரியில் இன்னொரு சேர்க்கை இருக்கிறது. அதற்குள் நான்கு மாதம் வேலை பார்த்து முதல் வருடக் கட்டணத்தை உங்கள் கணக்கில் சேர்த்துவிடலாம்.